இரங்கலுரையில் மெய் வேண்டும்

(வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. கேட்டவர் பலர் விடுத்த வேண்டுகோளுக்கிணங்க முழுமையாக வெளியிடுகின்றோம்.)



இன்றைய கூட்டத்தில் நான் அரசியல் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசிகசாலைச் செயலாளர் என்னிடம் வந்து, “எதைப் பற்றியேனும் பேசுங்கள், ஆனால் எங்களுக்குப் பயன்படக்கூடியதாகப் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். நான் எடுத்துக்கொண்ட பொருள் இரங்கலுரை. நம்முள் பெற்றோரை இழக்காதவர் சிலரே. இழந்தவர் அனைவரும் ஒருநாள் பந்தலின் கீழ் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லவேண்டிய நிலைக்கு வந்தவர்கள், அல்லது வரப்போகின்றவர்கள். அவ்வேளையில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பதை ஒருவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. நானும் கற்றிலேன். பிழைவிட்ட பின்னரே அறிந்துகொண்டேன். அந்தப் பிழையையே முதலில் உங்கள் முன் வைக்கின்றேன்.

தொழிலின் பொருட்டும் கட்சிப் பணியின் பொருட்டும் நூற்றுக்கு மேற்பட்ட செத்தவீடுகளில் நான் பேசியிருக்கின்றேன். சைக்கிளிலோ காரிலோ போய் இறங்கும்போதே, இறந்தவரின் பெயரையும் வயதையும் தொழிலையும் ஒருவரிடம் கேட்டறிந்துகொள்வேன். எஞ்சியவை என்னிடம் ஆயத்தமாக இருந்தன. “ஈடுசெய்ய முடியாத இழப்பு”, “பழகுதற்கு இனிய பண்பாளர்”, “வலது கை கொடுப்பதை இடது கை அறியாத வள்ளல்”, “ஊருக்கே நிழல் தந்த ஆலமரம்”. ஆசிரியராயின் ஆலமரம், வணிகராயினும் ஆலமரம், சங்கக்கடை முகாமையாளராயினும் ஆலமரமே. ஒரே வாரத்தில் மூன்று ஊர்களில் மூன்று ஆலமரங்களைச் சாய்த்த பெருமை எனக்குண்டு. ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆகையால் நான் நன்றாகப் பேசுகின்றேன் என்றே நம்பியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது தந்தையார் காலமானார். அவர் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்து எங்களைப் படிப்பித்தவர். பிரேதம் முற்றத்துப் பந்தலில் இருந்தது. கட்சி நண்பர்கள், சக நியாயவாதிகள், ஊரவர் எல்லோரும் கூடியிருந்தனர். நான் எழுந்து இருபத்தைந்து நிமிடம் பேசினேன். நிலத்துக்கும் தமிழனுக்கும் உள்ள தொடர்பு, கமக்காரனின் உரிமை, குடியேற்றத் திட்டங்கள், அரசியலமைப்பு என்று பலவும் வந்தன. நண்பர்கள் என் கையைப் பற்றிப் பாராட்டினர். பிரேதம் மயானத்துக்குப் போய்த் திரும்பிய பின், பெரியப்பா, அதாவது தந்தையாரின் தமையனார், திண்ணையில் இருந்தபடி என்னை அழைத்தார். “நல்லாய்ப் பேசினாய் தம்பி. ஆனால் கொப்பர் அந்தப் பேச்சுக்குள்ளை எங்கையும் வரேல்லை” என்றார்.

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நீதிமன்றத்தில் எத்தனையோ முறை எதிர்த்தரப்புச் சாட்சியின் வாக்குமூலத்தை ஒரே வினாவால் உடைத்திருக்கின்றேன். என் பேச்சை ஒரு முதியவர் ஒரே வாக்கியத்தால் உடைத்தார்.

அன்பர்களே, நமது சமூகம் இந்த வகையில் ஒரு நல்ல ஏற்பாட்டை வைத்திருக்கின்றது. முதல்நாள் தவறினவனுக்கு முப்பத்தோராம் நாள் மறு தவணை உண்டு. அதுதான் அந்தியேட்டிக் கல்வெட்டு. கீரிமலையில் கிரியை முடித்து வீடு திரும்பியபின், உறவினரும் அயலவரும் கூடியிருக்க, கல்வெட்டை ஒருவர் இராகத்தோடு படிக்க மற்றவர் கேட்பது யாழ்ப்பாணத்து வழக்கம். தாளில் அச்சிடுவதை நாம் கல்வெட்டு என்று அழைக்கின்றோம். அந்தப் பெயரிலேயே நம் முன்னோரின் எண்ணம் புலப்படுகின்றது. கல்லில் வெட்டுகின்றவன் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிப் பார்த்தே வெட்டுவான். பொய்யை வெட்டிவிட்டால் அழிப்பது எளிதன்று.

கல்வெட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஊர்ச் சிறப்பு, குடிவழி, பிறப்பு, கல்வி, தொழில், மணம், மக்கட்பேறு, இறந்த ஆண்டையும் மாதத்தையும் பக்கத்தையும் திதியையும் குறிக்கும் திதி வெண்பா, பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், தேவார திருவாசகங்கள், வம்சாவளி, ஈற்றில் நன்றி நவிலல். கிறித்தவ இல்லங்களிலும் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. உலகின் பல பாகங்களில் அரசர்க்கும் பிரபுக்களுக்குமே எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு, நம் ஊரில் ஒரு தோட்டக்காரனுக்கும் ஒரு தபாற்காரனுக்கும் எழுதப்பட்டது. இது சிறிய காரியமன்று. ஆனால் அந்த வடிவத்தை நாம் வெற்றுச் சடங்காக்கிவிட்டோம். அச்சகத்தில் பழைய கல்வெட்டொன்றைக் கொடுத்து, “பெயரை மட்டும் மாற்றி அடியுங்கள்” என்று கேட்பவர்களை நான் அறிவேன். ஒரு மனைவியின் புலம்பல் இன்னொரு மனைவியின் வாயில் வைக்கப்படுகின்றது.

நம் மொழியில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தலைவன் இறந்தபின் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்று தமிழ் இலக்கணம் வகுத்தது. புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவையார், அவன் கள்ளையும் சோற்றையும் எவ்வாறு பகிர்ந்தான் என்பதை முதலில் நினைவுகூர்கின்றார். பாரியின் மகளிர் இரண்டு நிலாநாட்களை மட்டும் ஒப்பிட்டுத் தம் இழப்பை அளந்துவிடுகின்றனர். அவர்கள் ஒருவரும் ஆலமரத்தைத் தேடிப் போகவில்லை. கையிலிருந்த சோறும் கண்முன்னே நின்ற நிலவும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னரும் பாரி இன்னானென்று நாம் அறிவதற்கு அதுவே காரணம்.

நமது மண்ணிலும் ஒன்றைச் சொல்லலாம். 1879 டிசம்பரில் ஆறுமுக நாவலர் மறைந்தபோது, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பாடிய இரங்கற்பா இன்றும் பலருக்கு மனப்பாடம். அதன் உயிர் ஒரே வினாவில் உள்ளது. இவர் பிறவாதிருந்தால் எவையெவை இல்லாது போயிருக்கும் என்பதே அவ்வினா. நண்பர்களே, இரங்கலுரை எழுத உட்காரும் எவரும் தாளின் தலைப்பில் இவ்வினாவை எழுதிக்கொள்ளட்டும். இவர் இல்லாதிருந்தால் எந்தப் பிள்ளை படித்திராது, எந்த வழி திறந்திராது, எந்தக் கிணறு இறங்கியிராது? விடை சிறியதாக இருப்பினும் குற்றமில்லை. அது அவருடைய விடையாக இருந்தாற் போதும்.

இனி, பெரியப்பாவின் சொல்லுக்குப் பின் நான் செய்தவற்றைக் கூறுகின்றேன். முப்பது நாட்கள் எனக்கிருந்தன. வழக்கொன்றை எடுத்தால் நியாயவாதி செய்யவேண்டிய முதல் வேலை சாட்சிகளைத் தேடுவது. தந்தையாரைப் பற்றி எனக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தை விட்டு, மூன்று வகையினரிடம் சென்றேன். அவரோடு உழைத்தவர்கள், அவரால் உதவிபெற்றவர்கள், அவரோடு சண்டையிட்டவர்கள். மூன்றாம் வகையினரை ஒருவரும் தேடிப் போவதில்லை. ஆனால் பகைத்தவன் சொல்லும் நல்ல வார்த்தைக்கு உள்ள பெறுமதி, பத்து உறவினர் சொல்லும் புகழுக்கு இல்லை. சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கப் பழகிய எந்த நீதிபதியும் இதை ஒப்புவார்.

பங்குக் கிணற்றில் எங்களோடு தண்ணீர் முறை உள்ள ஒரு விதவைத் தாயாரிடம் போனேன். அவருடைய கணவர் இறந்த ஆண்டின் கோடையில், தந்தையார் தம் முறையில் ஒரு நாளை ஒவ்வொரு வாரமும் அவருக்கு விட்டுக்கொடுத்ததாகவும், “எனக்கு இந்த முறை வெங்காயம் குறைவு, தண்ணி மிச்சம்” என்று காரணம் சொன்னதாகவும் அவர் கூறினார். அவ்வாண்டு எங்கள் வெங்காயம் வாடிப்போனதை நான் சிறுவனாகக் கண்டிருக்கின்றேன். காரணம் அன்று எனக்குத் தெரியாது. தந்தையாரோடு நாற்பது ஆண்டு வாழ்ந்தும் அறியாததை, அயல் வளவில் அரை மணித்தியாலம் இருந்து அறிந்தேன்.

அதன்பின் பெரியப்பாவிடமே போனேன். அவர்தாம் தந்தையாரோடு அதிகம் சண்டையிட்டவர். எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் இடையில் உள்ள வேலியில், கதியால் ஒரு முழம் இப்பாலா அப்பாலா நடப்பட்டது என்பதே வழக்கு. யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் மூண்ட இவ்வழக்கு பன்னிரண்டு ஆண்டு இழுபட்டது. அக்காலம் முழுவதும் அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. 1995 அக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம், அவர்களும் நடந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறை இரு குடும்பத்துக்கும் கிடைத்தது. நடுவே ஒரு சேலையை மறைப்பாகக் கட்டினோம். அரிசி குறைந்த ஒருநாள், இரண்டு உலை வைப்பதற்கு விறகில்லாதபோது, தந்தையார் எழுந்து அந்தச் சேலையை அவிழ்த்து மடித்து அம்மாவிடம் கொடுத்தாராம். “அண்ணை, ஒரு பானை காணும்” என்பதே பன்னிரண்டு ஆண்டின் பின் அவர் பேசிய முதல் வார்த்தையாம். 1996இல் ஊர் திரும்பியபோது வேலி விழுந்து கிடந்தது. வேலியைத் திரும்ப அடைத்தார்கள். வழக்குக்குரிய இடத்தை மட்டும் அடைக்காமல் பொட்டாக விட்டார்கள். அந்தப் பொட்டு இன்றும் இருக்கின்றது. அவ்வழியாகவே பெரியப்பா நாள்தோறும் எங்கள் முற்றத்துக்கு வருகின்றார்.

இதைக் கல்வெட்டில் எழுதலாமா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எழுது. நானும் பிழைகாரன் என்றும் எழுது” என்றார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். இறந்தவர் குறையைச் சொல்லலாமா? நான் கைக்கொண்ட விதி இது: குறையைக் குறைக்காகச் சொல்லாதீர்கள். அக்குறையைக் கடந்து அவர் செய்த நன்மை விளங்குவதற்கு அது வேண்டுமாயின் சொல்லுங்கள். உயிரோடிருக்கும் ஒருவர் அதனால் தலைகுனிவாராயின், அவர் சம்மதமின்றிச் சொல்லாதீர்கள். குடும்பத்து இரகசியத்தை வெளியிடும் இடம் பந்தலன்று. ஆனால் பிடிவாதக்காரரைச் சாந்தசொரூபி என்று சொன்னால், கேட்போர் அதனை மட்டுமன்றி நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள். ஒரு பொய் சாட்சியம் முழுவதையும் கெடுக்கும். மன்றத்துக்குரிய அந்த விதி பந்தலுக்கும் உரியது.

சட்டத்தைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்லிவைக்கின்றேன். நமது நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, மன்றுக்கு வந்து சாட்சி சொல்ல இயலாதவர்களின் கூற்றுக்கள் எப்போது ஏற்கப்படும் என்பதைக் கூறுகின்றது. இறந்தோரிடையேயான உறவுமுறை பற்றிக் குடும்ப வம்சாவளியிலோ, கல்லறையிலோ, அத்தகைய செய்தி வழக்கமாக எழுதப்படும் பிற பொருளிலோ உள்ள கூற்று, தகராறு எழுவதற்கு முன் செய்யப்பட்டதாயின், தொடர்புள்ள சான்றாக அமையலாம். முதுசமும் சீதனமும் உரித்தும் இன்றும் தேசவழமையால் நிருணயிக்கப்படும் யாழ்ப்பாணத்தில் இது சாதாரண விடயமன்று. இடப்பெயர்விலும் எரிப்பிலும் உறுதிகள் தொலைந்த குடும்பங்களுக்கு, பாட்டனாரின் கல்வெட்டில் அச்சிட்ட வம்சாவளி ஒருநாள் உதவக்கூடும். ஆகவே பெயர்களையும் ஆண்டுகளையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்புநோக்கி எழுதுங்கள். அழகுக்காக ஒரு பாட்டனாரைக் கூட்டவோ, கோபத்துக்காக ஒரு மகளை விடவோ வேண்டாம். வீட்டாருக்குப் பிடிக்காத கலியாணம் செய்தாள் என்பதற்காக வம்சாவளியிலிருந்து நீக்கப்பட்ட பெண்பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். அவள் வயிற்றுப் பிள்ளை பிற்காலத்தில் மன்றேறும்போது, அந்த வெற்றிடம் அவனுக்கெதிராகப் பேசக்கூடும்.

அடுத்து, நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்று. நம் கல்வெட்டுகள் பல “உயர்குடிப் பிறந்த” என்ற சொற்களோடு தொடங்குகின்றன. அதன் பொருள் என்னவென்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நன்றி நவிலலில் மலர்வளையம் அனுப்பிய திணைக்களத்தின் பெயரிருக்கும். தொலைபேசியில் அநுதாபம் சொன்ன கனடாக்காரர் பெயரிருக்கும். பறைமேளம் அடித்தவர், வெள்ளை கட்டியவர், சவரத் தொழில் செய்தவர், விறகு அடுக்கியவர் பெயர் இருப்பதில்லை. 1944இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தவர் உடலை எரித்ததன் பொருட்டு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாம்பலிலும் சாதி பார்த்த ஊர் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் கோயில் வாசலையும் தேநீர்க்கடை வாசலையும் தொட்டது; கல்வெட்டின் முதற்பக்கத்தைத் தொடவில்லை. அதை நாம்தாம் தொடவேண்டும். என் தந்தையாரின் கல்வெட்டில் “உயர்குடி” என்ற சொல் இல்லை. “தோட்டக்காரர்” என்று தொடங்கினோம். விறகடுக்கியவர்கள் உட்பட அன்று உழைத்த அனைவரையும் பெயரோடு குறிப்பிட்டோம். உறவினர் இருவர் அதனால் முகம்சுழித்தனர். சுழித்த முகம் மீண்டும் நேராகும் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

இனி நான் சொல்லப்போவது சொல்வதற்குக் கடினமானது. எனக்கு நேரிளையவன் ஒருவன் இருக்கின்றான். வன்னியிலே தொழில் பார்த்தவன். 2009 மே மாதத்தின் பின் அவனைப் பற்றிய செய்தி எங்களுக்கு எட்டவில்லை. தந்தையார் அவனைத் தேடித் தேடியே மெலிந்தார். கல்வெட்டின் முதற்படி அச்சாகி வந்தபோது, மக்கள் பெயர்வரிசையில் அவன் பெயருக்கு முன் “காலஞ்சென்ற” என்ற சொல் சேர்ந்திருந்தது. கோத்தவர் வழக்கப்படி கோத்துவிட்டார், அவரில் பிழையில்லை. மரண அறிவித்தல்களில் அந்தச் சொல்லுக்கென்று ஓரிடம் உண்டல்லவா? அம்மா அதைப் படித்துவிட்டு, “பெத்த எனக்கே தெரியாதது இவைக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

அச்சொல்லை நீக்குவதா, விடுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. நீக்கினால், உயிரோடிருப்பதாக நாம் சொல்லிக்கொள்வது போலாகும். ஊர் இரக்கத்தோடு பார்க்கும். விட்டால், எவரும் நிரூபிக்காத ஒன்றை நாமே நிரூபித்துக் கொடுத்தவராவோம். 2010இல் இயற்றப்பட்ட மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறலாம் என்று சொன்னார்கள். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒருவரைக் காணவில்லை என்பதற்கே சான்றளிக்கும் பத்திரமும் வந்தது. அதே ஆண்டிலே காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. பத்திரங்கள் வந்தன, விடை வரவில்லை. நான் சட்டம் படித்தவன். இவற்றின் பிரிவுகளையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “பிரிவு இருக்கட்டும், உண்மையை எழுது” என்றார்.

ஆகவே உண்மையை எழுதினோம். பிறந்த ஒழுங்கில், எனக்கு அடுத்த இடத்தில், முன்னடை ஏதுமின்றி அவன் பெயர். அதன்கீழ் ஒரு வரி: “2009 மே முதல் இவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம், தந்தையாரும் இறுதிவரை தேடினார்.” அவ்வளவுதான். நம்பிக்கையை மிகைப்படுத்தவுமில்லை, அவநம்பிக்கைக்குக் கையொப்பமிடவுமில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இந்த வரியை எழுதவேண்டிய நிலையிலுள்ள வீடுகள் பல. அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இதுவே: தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைத் தெரியாதென்றே எழுதுங்கள், உங்கள் கண்ணீரின் மீது மற்றொருவர் வசனம் கோக்க இடங்கொடாதீர்கள்.

அரசியல் பேசமாட்டேன் என்றேன். ஆயினும் இதைச் சொல்லாமற் போகமுடியாது. 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் கொதித்தெழுந்த பின் அது மீண்டும் கட்டப்பட்டது. நம் இறந்தோரை நினைவுகூரும் உரிமைக்காக நாம் வாதாடுகின்றோம். நடந்தவற்றைப் பற்றிய உண்மை வேண்டுமென்று உலக மன்றங்களில் முறையிடுகின்றோம். அவ்வாறு கேட்கும் இனம், தன் முற்றத்துப் பந்தலில், தன் தந்தையைப் பற்றி, தன் வாயாற் பொய் பேசலாமா? நாட்டுக்கு உண்மை வேண்டுமென்று கேட்பவன் முதலில் தன் வீட்டில் அதைப் பழகவேண்டும். என் தந்தையாரின் பிரேதத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நான் ஆற்றிய அரசியற் சொற்பொழிவைப் பற்றி நான் இன்று வெட்கப்படுவது இதனாலேயே. அதன் கருத்துக்களில் தவறில்லை. அவற்றைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் என்னுடையதன்று, அவருடையது.

தலைவர்களைப் பற்றிப் பேசுமிடத்தும் இவ்விதியே பொருந்தும். தந்தை செல்வா 1977 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். அவரைப் பற்றி அடைமொழிகளை ஆயிரம் அடுக்கலாம். ஆனால், 1972 அக்டோபரில் புதிய அரசியலமைப்பை எதிர்த்துத் தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். இரண்டாண்டுக்கு மேல் இடைத்தேர்தல் நடத்தப்படாமலிருந்தும் பொறுத்திருந்தார். 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை மக்களிடம் மீண்டும் ஆணை கேட்டு வென்றார் என்று மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். உடல் தளர்ந்து, குரல் தணிந்திருந்த முதியவர் இதைச் செய்தார் என்றும் சொல்லுங்கள். அடைமொழி எதுவும் அவசியமில்லை என்பது விளங்கும்.

இனிப் பேசும் முறைக்குச் சில குறிப்புகள். முதலாவது, சுருக்கம். 1863 நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவின் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்து மயானத்தில் எட்வேர்ட் எவரெற் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் இரண்டு மணித்தியாலம் பேசினார். அவருக்குப் பின் எழுந்த ஆபிரகாம் லிங்கன் இரண்டொரு நிமிடமே பேசினார். உலகம் எதை நினைவில் வைத்திருக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் பன்னிரண்டு பேச்சாளர் வரிசையாக எழ, வெயில் ஏற, பிரேதத்தின் பக்கத்தில் அழுது களைத்த பெண்கள் தண்ணீரும் அருந்தாமல் இருக்கின்றார்கள். ஐந்து நிமிடம் போதும். பிள்ளைக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம்.

இரண்டாவது, எழுதிக்கொண்டு போங்கள். மேடையில் பழகியவனுக்கும் தன் தாயின் முகம் பார்த்தால் சொல் மறக்கும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். முதல்நாளிரவு தனியே இருந்து மூன்று முறை உரத்துப் படியுங்கள். எந்த வரியில் குரல் உடைகின்றதோ அந்த வரியைக் குறித்துவைத்து, அதற்குமுன் மூச்செடுக்கப் பழகுங்கள். முடியாமற் போனால் தொடர்ந்து படிப்பதற்கு ஒருவரிடம் மறுபிரதியைக் கொடுத்து வையுங்கள். அழுதால் வெட்கமில்லை, நின்று, துடைத்து, தொடருங்கள்.

மூன்றாவது, மற்றவரைப் பற்றிச் சொல்லமுடியாத ஒன்றை அவரைப் பற்றிச் சொல்லுங்கள். எழுதியதை எடுத்து, அவர் பெயர் உள்ள இடத்தில் அயல்வீட்டுக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்துமாயின் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். நான்காவது, முதலில் கூடியிருப்போரை நோக்கியும், ஈற்றில் மட்டும் இறந்தவரை நோக்கியும் பேசுங்கள். அந்தக் கடைசி வார்த்தை மிகச் சிறிதாயிருக்கட்டும். “ஐயா, பொட்டை அடைக்கமாட்டோம்” என்பதே என் கல்வெட்டின் கடைசி வரி. அது படிக்கப்பட்டபோது பெரியப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா ஒரு பிரதியை எடுத்துச் சென்று, தம்பியின் பிறப்புச் சான்றிதழும் முறைப்பாட்டுத் துண்டுகளும் இருக்கும் பெட்டியில் வைத்தார்.

முடிவாக இந்த வாசிகசாலைக்கு ஒரு வேண்டுகோள். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மறுபிரதி இல்லாதவை திரும்பி வரா. ஊரின் கல்வெட்டுகளோ இன்றும் வீட்டுப் பெட்டிகளில், பரண்களில், கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. ஊரின் வரலாறு, தொழில், இடப்பெயர், உறவுமுறை எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வொரு வீட்டிலுமிருந்தும் ஒரு பிரதியைச் சேகரித்து, ஆண்டு வரிசைப்படுத்தி, இங்கு ஓர் அலுமாரியில் வையுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேர்த்துவருகின்றது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஓரிடத்தில் எரிந்தாலும் மற்றோரிடத்தில் இருக்கும்.

உங்கள் தாய் தந்தையர் நெடுங்காலம் வாழவேண்டுமென்று வாழ்த்துகின்றேன். உயிரோடிருப்போர் எல்லோரும் இன்றிரவு வீட்டுக்குப் போய், அவர்களிடம் ஒரு கேள்வியேனும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல இப்போது எனக்கு ஒரு பெரியப்பா மட்டுமே மிச்சம்.